ஓட்டுக் கூரைக்கு ‘டிரீட்மென்ட்’ செய்த பைன் மரம் போடலாமா?

கேள்வி: சாரல் வீடு, தென்காசி

அனைவருக்கும் வணக்கம். தென்காசிக்குப் பக்கத்தில், குற்றாலத்துச் சாரல் நேராக வந்து அடிக்கும் ஓர் ஊரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. தாத்தா காலத்தில் பனங்கை போட்டு நாட்டு ஓடு வேய்ந்த முன்கட்டு அது. பிற்பாடு என் தந்தையார் கைமரங்களைத் தொடாமல் ஓட்டை மட்டும் மாற்றிச் சீமை ஓடு போட்டார். சென்ற ஆடியில் சாரல் விடாமல் அடித்தபோது மேற்கு மூலையில் மூன்று கைமரங்கள் இறங்கிவிட்டன. ஓட்டைப் பிரித்துப் பார்த்தால், சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் அத்தனையும் செல்லரித்து, மேலே தோல் போல ஒரு பட்டை மட்டும் மரமாகவும் உள்ளே வெறும் மண்ணாகவும் இருந்தன. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. ஆனால் அதே கைமரங்களின் நடுப்பகுதி, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், கறுத்து இரும்பு போல இருக்கிறது.

முன்கட்டு 24 அடி நீளம், 11 அடி அகலம். கான்கிரீட் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓட்டு வீடாகவே இருக்க வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம், எனக்கும் அதுதான் விருப்பம். பனை வெட்டுவதற்கு இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால் அந்த வழியை விட்டுவிட்டு மரக்கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில், வெளிநாட்டிலிருந்து வந்த பைன் மரத்தை 4க்கு 2 அங்குலச் சட்டமாக அறுத்து, ‘டிரீட்மென்ட்’ செய்தது என்று காட்டினார்கள். இலேசான பச்சை நிறத்தில் இருக்கிறது. ஈரம் ஏறாது, பூசணம் பிடிக்காது, கரையான் தொடாது, 25 ஆண்டுகளுக்குக் கவலையே வேண்டாம் என்று உறுதி கூறினார்கள். இன்னொரு கடையில் வெளிறிய நிறத்திலேயே பைன் சட்டம் இருந்தது. அதுவும் ‘டிரீட்மென்ட்’ ஆனதுதான் என்று சொல்லி, ஒரு கட்டையின் மேல் இருந்த முத்திரையைக் காட்டினார்கள். விலை கணிசமாகக் குறைவு.

இந்த உறுதிமொழிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? மருந்து ஏறிய மரமா இல்லையா என்பதை வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? வண்டியில் மாற்றிய கழிவு எண்ணெயைப் பூசினாலே போதும் என்று எங்கள் ஊர்க் கொத்தனார் சொல்கிறார், அது சரியா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால், மருந்து ஏற்றிய மரத்தினால் ஏதேனும் தீங்கு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: இழைப்புளி, நாகர்கோவில்

நான் தச்சு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். நாற்பது ஆண்டுகளாகக் கூரை வேலைதான் செய்கிறேன். மருந்தைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும். உங்கள் கேள்வியிலேயே ஒரு பதில் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். ஒரே பனையிலிருந்து வந்த ஒரே கைமரம் நடுவில் இரும்பாகவும் முனையில் மண்ணாகவும் ஆகியிருக்கிறது. ஆகவே கெட்டது மரத்தின் சாதி அன்று, அது உட்கார்ந்த இடம்.

மேற்குச் சுவர் மழையைக் குடிக்கும். அந்தச் சுவருக்குள் கைமரத்தைச் செருகி, சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்தை அப்பிக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், முனை என்றைக்கும் காய்வதே இல்லை. கரையானும் சுவருக்குள்ளேயே மேலே ஏறி வந்துவிடும். வெளியில் மண்பாதை தெரியாததால் நமக்குச் செய்தி வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். என் தந்தையார் கைமரத்தைச் சுவருக்குள் புதைக்கச் சம்மதிக்கவே மாட்டார். சுவரின் மேல் கருங்கல் பலகையைப் பதித்து, அதன்மேல் உத்திரத்தைப் படுக்க வைத்து, கைமரம் அந்த உத்திரத்தின்மேல் உட்காரும்படி செய்வார். புதைத்தே ஆக வேண்டிய இடத்தில் மூன்று பக்கமும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி விடுவார். வீட்டுக்காரர்கள் பல்லி வரும், குளவி கூடு கட்டும் என்று அந்த இடைவெளியைப் பிற்பாடு சிமெண்டால் அடைத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்கு முனை மாற்றுவதற்கு நான் போயிருக்கிறேன்.

முனையில் தார் பூசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகக் காய்ந்த மரத்தில் பூசினால் அது காவல். பச்சை மரத்தில் பூசினால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்த கணக்கு. அறுத்து வந்த மறுநாளே தார் அடிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் பரவிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதில்: மரப்பதம், செங்கோட்டை

கேள்வி கேட்டவருக்கும், முனையைப் பற்றி எழுதிய பெரியவருக்கும் வணக்கம். அழுத்த உருளையில் மரத்துக்கு மருந்து ஏற்றும் தொழிற்கூடங்களில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மரம் கெடுவதற்கு நம் மக்கள் நான்கு தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறார்கள். கரையான் தின்றால் செல்லரித்தது என்கிறோம். வண்டு துளைத்து மாவு கொட்டினால் உளுத்தது என்கிறோம். ஈரத்தில் காளான் பற்றி வலுவிழந்தால் இற்றுப்போனது என்கிறோம். மேலே சாம்பலாகவோ கறுப்பாகவோ படர்ந்தால் பூசணம் பூத்தது என்கிறோம். நான்கும் நான்கு நோய்கள். கடைக்காரர் இந்த நான்கையும் ‘டிரீட்மென்ட்’ என்ற ஒரே சொல்லால் துடைத்துவிட்டு, ஐந்தாவதாக ஈரத்தையும் அதில் சேர்த்துவிட்டார். அந்த ஐந்தாவதுதான் உண்மைக்கு மாறானது. செம்பு மருந்தோ போரான் மருந்தோ மரத்துக்குள் தண்ணீர் நுழைவதைத் தடுக்காது. மரத்தைத் தின்ன வருகிற உயிர்களுக்கு அதை நஞ்சாக்குவதே அவற்றின் வேலை. மெழுகோ நீர்விலக்கியோ சேர்த்த கலவை சில காலம் தண்ணீரை வழிய விடும் என்பது உண்மைதான். கூரையைப் பொறுத்தவரை தண்ணீரைத் தடுப்பது ஓடும், இறவாரமும், பெரியவர் சொன்ன காற்றோட்டமும்தான்.

ஈரத்தின் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மரத்தின் காய்ந்த எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நின்றால்தான் இற்றுப்போகச் செய்யும் காளான் வளர முடியும். அதனால் எப்போதும் 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கு. பூசணம் அப்படி இல்லை. மேற்பரப்பு ஈரமாக இருந்து காற்று ஓட்டமில்லாமல் இருந்தாலே பூத்துவிடும். ஆனால் அது மரத்தின் வலுவைத் தின்பதில்லை. பூசணத்தைக் கண்டு மரத்தையே தூக்கி எறிய வேண்டாம். ஈரம் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்லும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வழியைத் தேடுங்கள். கரையானுக்கும் ஈரம் வேண்டும். மண்ணிலிருந்து குழாய் கட்டிக்கொண்டு அதைத் தன்னோடு எடுத்து வரும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. மண்ணோடு தொடர்பே இல்லாமல், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானும் இருக்கிறது. அது மண்பாதை கட்டாது. கசகசா போன்ற சிறு மணிகளைக் கீழே உதிர்க்கும். அதற்கு அடித்தளத்தில் ஊற்றும் மருந்தால் பயனில்லை. மரத்துக்குள்ளேயே மருந்து இருக்க வேண்டும்.

இனி மருந்துகள். பச்சை நிறத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த உப்பாகவோ, ஆர்சனிக்குக்குப் பதிலாகப் போரான் சேர்ந்ததாகவோ இருக்கும். முதலாவது நம் நாட்டிலேயே பிறந்தது: டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933இல் சோண்டி காமேசம் உருவாக்கி, ஆஸ்கு என்ற பெயரில் உலகம் முழுவதும் போனது. குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தின் நாரோடு பிணைத்துவிடுவதால் மழையில் எளிதில் கரைந்து போகாது. மண்ணில் நடும் கம்பத்துக்கும் தாங்கும். ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு குடியிருப்பு வேலைகளிலிருந்து உற்பத்தியாளர்கள் அதை விலக்கிக்கொண்டார்கள். போரான் மருந்து என்பது போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்தது. முன்னது கேரம் பலகையில் தூவும் பொடி, பின்னது பொற்கொல்லர் பயன்படுத்துவது. கரையான், வண்டு, இற்றுப்போதல் மூன்றுக்கும் நல்ல காவல். நிறமில்லை, மணமில்லை, மனிதருக்குக் கேடும் குறைவு. ஆனால் நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். மேற்பரப்புப் பூசணத்துக்கு அதை நம்பவும் முடியாது. ஆகவே ஓட்டின் கீழே நனையாமல் இருக்கும் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் போரான் போதும். இறவாரத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் முனைகளுக்குப் போதாது.

மருந்தின் பெயரைவிட முக்கியமானது அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது. அமெரிக்கத் தரத்தில் மூடிய இடத்துச் சட்டத்துக்குப் போரான் ஆக்சைடு கணக்கில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கேட்கிறார்கள். ஃபார்மோசன் கரையான் இருக்கிற பகுதிகளில் அதையே 4.5 கிலோவாக உயர்த்துகிறார்கள். கரையான் கடுமையானால் அளவும் ஏற வேண்டும் என்பதுதான் இதன் பொருள். தூரிகையால் பூசினால் மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தொட்டியில் சற்று நேரம் முக்கி எடுத்தாலும் காய்ந்த மரத்தில் அதே கதைதான். அழுத்த உருளையில் முதலில் மரத்துக்குள் இருக்கும் காற்றை வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்சி எடுத்து, பிறகு மருந்துக் கரைசலை நிரப்பி, அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்துகிறோம். அப்போதும் பட்டையை ஒட்டிய வெளிமரம்தான் குடிக்கும், நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் குடிக்காது. தேக்கு வைரத்துக்கு மருந்து ஏறாது, அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் இளந்தேக்கின் வெள்ளைப் பகுதி பைனைவிட எந்த வகையிலும் உயர்ந்தது இல்லை என்பதைத் தேக்கு என்ற பெயருக்காகவே பணம் கொடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பைன் மரத்தில் வெளிமரம் அகலம் என்பதால் அது மருந்தை நன்றாகவே குடிக்கும். மரத்தில் குறை இல்லை, வேலையில்தான் குறை நேரும்.

வெளிறிய மரத்தின் முத்திரையைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. அதில் எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, மரத்தின் நடுவில் 56 டிகிரி வெப்பத்தை 30 நிமிடம் நிறுத்தியதைக் குறிக்கும். இரண்டாவது மெத்தில் புரோமைடு புகையூட்டியதைக் குறிக்கும். இரண்டும் நாடு விட்டு நாடு பூச்சி போகாமல் இருப்பதற்காகப் பொதி மரங்களுக்குச் செய்கிற துறைமுகக் காவல். அன்றைக்கு உள்ளே இருந்த உயிர்கள் சாகும். அதன்பிறகு வருகிற கரையானுக்கு அந்த மரம் வெறும் சோறுதான். சூளையில் உலர்த்தியதையும் ‘டிரீட்மென்ட்’ என்றே சிலர் சொல்லிவிடுகிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விற்பவர்களுக்கே வேறுபாடு தெரியாமல் இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு வருகிறேன். சட்டத்தின் முனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நார் ஓடுகிற வாக்கில் மருந்து எளிதாக ஏறும் என்பதால் முனையில் எப்போதும் ஆழமாகத் தெரியும். ஒரு சட்டத்தை விலைக்கு வாங்கி, நட்டநடுவில் குறுக்கே அறுத்துப் பாருங்கள். செம்பு மருந்தானால் பச்சை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். போரானுக்கு நிறமில்லை, அதைக் காட்டிக் கொடுப்பது நம் மஞ்சள். மஞ்சள்தூளை எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்த சாற்றை அறுத்த முகத்தில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த சாராயக் கரைசலைப் பூச வேண்டும். போரான் இருக்கும் இடம் குங்குமச் சிவப்பாகும். இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அந்தச் சிவப்போடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் அமிலம். அமில வேலை என்பதால் வீட்டில் செய்யாதீர்கள், வேதியியல் ஆய்வகத்தில் கொடுங்கள்.

கழிவு எண்ணெய் மேலே கறுப்பாக்கும், நாறும், தீப்பிடித்தால் உதவி செய்யும். கூரைக்கு வேண்டவே வேண்டாம். குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். கூரையில், கைக்கு எட்டாத உயரத்தில் போரான் மரம் இருப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. பச்சை நிற மருந்து மரமானால் ஒன்றே ஒன்றை உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: அறுத்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். ஆர்சனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்க எடுத்தவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

பதில்: ஓக்லாந்து வாசி

மருந்து ஏற்றாத பைன் சட்டம் ஒரு நாட்டையே எப்படி வருத்தியது என்பதை நேரில் அனுபவித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நியூசிலாந்தில் வீடு என்றாலே மரச்சட்டம்தான். சுவருக்குள்ளே ரேடியாட்டா பைன் சட்டங்கள் எலும்பு போல நிற்கும், வெளியே பலகையோ பூச்சோ இருக்கும். பல்லாண்டுகளாக அந்தச் சட்டங்களுக்குப் போரான் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. சூளையில் உலர்த்தினால் போதும், மருந்து தேவையில்லை என்று 1995இல் தரநிலை மாறி, 1998இல் கட்டட விதியும் அதை ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் இறவாரமே இல்லாமல், காற்றிடைவெளியும் இல்லாமல், சுவர் முழுவதையும் ஒரே பூச்சாக மூடும் பாணி பரவியது. மரம் உலர்ந்துதான் வந்தது. ஆனால் ஜன்னல் மூலைகளில் கசிந்த மழை வெளியேற வழியின்றி உள்ளே தங்கிவிட்டது. 2002இல் அரசு அமைத்த ஆய்வுக்குழு இதை வெளிக்கொணர்ந்தது; 2004இல் மருந்து மீண்டும் கட்டாயமானது. 2009இல் வெளியான ஒரு மதிப்பீடு பாதிக்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 42,000 என்றும், சரிசெய்யும் செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்றும் கூறியது.

அப்படிப்பட்ட வீடு ஒன்றைத்தான் தெரியாமல் நான் வாங்கினேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கம்பளத்தின் ஓரம் எப்போதும் பூசண வாடை அடித்தது. நாங்கள் அதைக் குளிர்காலத்து வாடை என்று இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டோம். பழுது பார்க்க வந்தவர் பூச்சைப் பெயர்த்துவிட்டுத் திருப்புளியைச் சட்டத்தில் வைத்தார். அது கைப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது மரம் நனைந்த புட்டு போல உதிர்ந்து அவர் காலணியின்மேல் விழுந்தது. கட்டியவர்மீது வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் 10 ஆண்டுக் காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அந்தச் சுவர் முழுவதையும் எங்கள் செலவில் மாற்றினோம்.

இப்போது எங்கள் சுவருக்குள் நிற்பவை எச் 1.2 என்ற வகுப்பைச் சேர்ந்த, அடையாளத்துக்காக இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய போரான் சட்டங்கள். ஆனால் அந்தச் சட்டத்தை உங்கள் ஊருக்கு அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். இங்கே கரையான் பெரிய தொல்லை இல்லை, எச் 1.2 என்பது வண்டையும், கசிவினால் வரும் இற்றுப்போதலையும் நினைத்து வகுத்த அளவு. ஆஸ்திரேலியாவில் கரையானுக்கென்று நீலச் சாயமிட்ட வேறு வகுப்பே இருக்கிறது; அதிலும் ஒன்று மகரரேகைக்குத் தெற்கே உள்ள பகுதிகளுக்கு மட்டும் என்று எல்லை குறித்துத்தான் விற்கிறார்கள். ‘நியூசிலாந்து பைன்’ என்று உங்கள் கடையில் சொன்னால், மரம் இங்கிருந்து வந்தது என்றுதான் பொருள். இங்கே அதற்கு மருந்து ஏற்றினார்கள் என்று பொருள் ஆகாது. ஏற்றுமதியாகும் மரத்தில் பெரும்பகுதி உருட்டு மரமாகத்தான் போகிறது, அறுப்பதும் மருந்து ஏற்றுவதும் அங்கே வந்திறங்கிய பிறகு நடக்க வேண்டியவை.

சாரல் வீடு, தென்காசி

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு கடைகளிலும் ஆளுக்கொரு சட்டம் விலைக்கு வாங்கி வந்தேன். பச்சைச் சட்டத்தை அவசரத்தில் முனையிலிருந்து இரண்டு அங்குலத்தில்தான் முதலில் அறுத்தேன். முகம் முழுவதும் பச்சையாக இருந்ததைக் கண்டு மகிழ்ந்துபோனேன். பிறகுதான் மரப்பதம் ஐயா எழுதியது நினைவுக்கு வந்து நட்டநடுவில் அறுத்தேன். சுற்றிலும் தீக்குச்சி கனத்துக்கு ஒரு பச்சைக் கோடு; உள்ளே அத்தனையும் வெள்ளை.

வெளிறிய சட்டத்தின் முத்திரையில் எச்.டி. என்றே இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் என் மைத்துனரிடம் அதன் நடுத்துண்டைக் கொடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு துண்டில் வெண்காரக் கரைசலைத் தடவிக் காயவைத்து, இரண்டிலும் மஞ்சள் சோதனையைச் செய்தார். தடவிய துண்டு சற்று நேரத்தில் குங்குமமாகச் சிவந்தது. கடையிலிருந்து வந்தது மஞ்சளாகவே நின்றுவிட்டது. பச்சைச் சட்டத்தின் ஈரத்தையும் அவரே பார்த்தார். அதன் துண்டு ஒன்று 118 கிராம் இருந்தது. 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்திய பிறகு 96 கிராம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 23 விழுக்காடு வருகிறது.

இரண்டையும் வாங்கப்போவதில்லை. பைனையே கைவிட்டுவிட வேண்டுமா, இல்லை இதே மரத்தைச் சரியான முறையில் பதப்படுத்த வழி உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள். கழற்றி வைத்திருக்கும் பனங்கைகளை என்ன செய்வது என்றும் இழைப்புளி ஐயா சொன்னால் நல்லது.

மரப்பதம், செங்கோட்டை

பைனைக் கைவிட வேண்டியதில்லை. மருந்து ஏற்றாத சட்டத்தை வாங்கி, முதலில் எல்லா வேலையையும் முடித்துவிடுங்கள்: நீளத்துக்கு அறுப்பது, உத்திரத்தில் அமரும் இடத்தில் பள்ளம் வெட்டுவது, ஆணிக்கும் போல்ட்டுக்கும் துளையிடுவது எல்லாம். மருந்து ஏற்றிய பிறகு ஒரு வெட்டு விழுந்தால், வெள்ளை மரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். பிறகு நிழலில், இடையே குச்சி வைத்து அடுக்கி, ஈரம் 25 விழுக்காட்டுக்குக் கீழே வரும் வரை உலர்த்தி, உருளை வைத்திருக்கும் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து, கரைசல் எத்தனை விழுக்காடு, கன மீட்டருக்கு எத்தனை கிலோ தங்கியது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற கூடத்தில் கொடுக்க வேண்டாம். நடுவில் அறுத்துப் பார்க்க ஒரு சட்டம் கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள்.

உருளை வசதி எட்டவில்லையானால், அறுவை மில்லிலிருந்து பச்சை ஈரத்தோடு வரும் மரத்தைப் போரான் கரைசலில் முக்கி எடுத்து, தார்ப்பாயால் இறுக மூடிக் காயவிடாமல் வைத்திருக்கும் முறை உண்டு. மரத்திலிருக்கும் தண்ணீர் வழியாகவே மருந்து உள்ளே பரவும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கேரளத்தில் ரப்பர் மரத்தைப் பயன்மரமாக்கியது போரான்தான். உங்கள் 2 அங்குலச் சட்டத்துக்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பொறுக்க முடிந்தால் இது நல்ல முறை.

செம்பு மருந்து ஏற்றினால் துத்தநாகம் பூசிய ஆணியையே பயன்படுத்துங்கள். மருந்து ஏறிய மரம் வந்த உடனே அதைக் கூரையில் ஏற்றிவிடாமல், மருந்து நாரோடு பிணைய இரண்டு மூன்று வாரம் மழை படாமல் அடுக்கி வையுங்கள்.

இழைப்புளி, நாகர்கோவில்

பனங்கையை விற்றுவிடாதீர்கள், விறகுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் சுத்தியலால் முனையிலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்ட இடத்தில் பொத்தென்று சத்தம் வரும். நல்ல இடம் வந்ததும் மணி போலக் கணீரென்று மாறும். அந்த இடத்திலிருந்து அரை அடி தள்ளி வெட்டுங்கள். உள்பக்கம் சோறு, அதாவது பனையின் மெத்தென்ற நடுப்பகுதி, இருந்தால் உளியால் முழுவதும் வழித்து எடுத்துவிடுங்கள், கரையான் முதலில் அதைத்தான் தேடி வரும். முன்கட்டுக்கு நீளம் போதாது. ஆனால் பின்பக்கம் மாட்டுத்தொழுவமோ, அடுப்படித் தாழ்வாரமோ இருந்தால் எட்டடிச் சரிவுக்குத் தாராளமாக வரும். மேற்குச் சுவரில் பழைய முனைகள் இருந்த குழிகளை அடைப்பதற்கு முன்னால், உள்ளே கரையான் கட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்து, அது எந்த வழியாக மேலே வந்தது என்று விளக்கு வைத்துப் பாருங்கள். அந்த வழி கீழே அஸ்திவாரம் வரை போகும். புதுக் கூரை ஏறுவதற்கு முன்னால் அங்கே மருந்து இறக்கியாக வேண்டும்.